பிரேக் இல்லாத ஒற்றைச் சக்கரம்

மின்சார யூனிசைக்கிளைப் பார்க்கிற யாரும் முதலில் கேட்பது, "எவ்வளவு வேகம் போகும்?" என்றுதான். அடுத்தது விலை. கடைசியாக, "கீழே விழ மாட்டீங்களா?" என்பார்கள். என்னைக் கேட்டால் இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். நம்மை நிற்க வைப்பதற்கும் ஓட்டுவதற்கும் செலவானது போக, அந்த மோட்டாரிடம் இன்னும் எவ்வளவு பலம் மிச்சம் இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். விற்பவர்களும் வீடியோ போடுபவர்களும் வேகத்தையே பேசுவதால் இந்த மிச்சம் யார் கண்ணிலும் படுவதில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக இதை எழுத உட்கார்ந்தேன்.

வண்டியை நேரில் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம். ஒரே சக்கரம், பெரும்பாலும் 14 முதல் 22 அங்குலம். அதன் இரண்டு பக்கமும் மடக்கி வைக்கக்கூடிய பெடல்கள்; மிதிக்க வேண்டியதில்லை, மேலே ஏறி நிற்க வேண்டும். சக்கரத்தைச் சுற்றியிருக்கும் கூட்டுக்குள் பேட்டரியும் கன்ட்ரோலர் போர்டும் இருக்கும். ஹேண்டில்பார், ஆக்சிலரேட்டர், பிரேக் எதுவும் கிடையாது. முன்னால் சாய்ந்தால் ஓடும், பின்னால் சாய்ந்தால் நிற்கும்.

பெங்களூரில் வேலை பார்க்கும் என் சித்தப்பா பையன் ஒரு பழைய வண்டியை வாங்கிக் காங்கேயத்துக்குக் கொண்டுவந்தான். காங்கேயம் பக்கம் தேங்காய்ப் பருப்பு காயப்போடும் களங்கள் நிறைய உண்டு. மூட்டமான நாட்களில் பருப்பைப் பரப்ப மாட்டார்கள். சிமென்ட் தரை மட்டமாக, மேடுபள்ளம் இல்லாமல் காலியாகக் கிடக்கும். இந்த வண்டியைப் பழக அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. நானும் அங்கேதான் பழகினேன்.

உள்ளே ஒரு பெரிய கைரோ பம்பரம் சுற்றி நம்மைத் தாங்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி எதுவும் உள்ளே இல்லை. கைரோ இருக்கிறது, ஆனால் அது விரல் நகத்தைவிடச் சிறிய ஒரு சிப். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒரு சிலிக்கான் துண்டு விடாமல் அதிர்ந்துகொண்டிருக்கும். வண்டி சாயத் தொடங்கியதும், சுழலும் ஒன்றுக்குள் நகரும் பொருளை ஓரமாகத் தள்ளும் கோரியோலிஸ் விசையால் அந்த அதிர்வு பக்கவாட்டில் கொஞ்சம் விலகும். அந்த விலகலை அளந்துதான் எந்த வேகத்தில் சாய்கிறோம் என்று சிப் சொல்கிறது. யாரையும் தாங்கிப் பிடிக்கும் பலம் அதற்கு இல்லை. அளப்பது மட்டுமே அதன் வேலை.

அளப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. கைரோ சொல்வது சாயும் வேகத்தை. நமக்கு வேண்டியது சாய்ந்திருக்கும் கோணம். வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் கோணம் கிடைக்கும். ஆனால் ஒவ்வொரு அளவிலும் இருக்கும் சின்னப் பிழையும் சேர்ந்தே கூடும். சிறிது நேரத்தில், நேராக நிற்கும் வண்டி சாய்ந்திருப்பதாகக் கணக்கு காட்டும். ஆகவே கூடவே ஒரு ஆக்சலரோமீட்டரும் வைக்கிறார்கள். பூமி எந்தப் பக்கம் இழுக்கிறது என்பது அதற்குத் தெரியும். ஆனால் வண்டி வேகம் எடுக்கும்போதும் குழியில் இறங்கும்போதும் அது குழம்பிவிடும். ஒன்று குறுகிய நேரத்துக்கு நம்பகமானது, மற்றது நீண்ட நேரத்துக்கு. நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை இரண்டையும் கலந்து, இப்போது உண்மையான கோணம் இவ்வளவு என்று கன்ட்ரோலர் முடிவு செய்கிறது. இந்த வண்டியின் அறிவு முழுவதும் அந்தக் கலவையில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

கோணம் தெரிந்த பிறகு நடப்பது, உள்ளங்கையில் கம்பை நிறுத்தி விளையாடுகிற வித்தைதான். கம்பு முன்னால் சாய்ந்தால் கையை முன்னால் கொண்டுபோகிறோம். கம்பின் அடி அதன் தலைக்குக் கீழே வந்துவிடுகிறது. பொறியியல் பாடத்தில் இதைத் தலைகீழ் ஊசல் என்பார்கள். நாம் முன்னால் சாய்கிறோம், மோட்டார் சக்கரத்தை முன்னால் தள்ளி நமக்கு அடியில் கொண்டுவரப் பார்க்கிறது. நாம் மேலும் சாய்ந்தபடியே இருந்தால் அதுவும் மேலும் தள்ளும். நமக்கு அது பயணம், கன்ட்ரோலருக்கு அது விழாமல் பிடிக்கும் முயற்சி. எவ்வளவு சாய்ந்திருக்கிறோம், எவ்வளவு வேகமாகச் சாய்கிறோம் என்ற இரண்டையும் வைத்து மோட்டாருக்கு எவ்வளவு கரன்ட் கொடுப்பது என்று அது கணக்குப் போடுகிறது.

இதெல்லாம் முன்னும் பின்னும் விழாமல் இருப்பதற்கு மட்டும். இடமும் வலமும் விழாமல் இருப்பது முழுக்க நம் பொறுப்பு. அதில் இந்த வண்டி துளியும் உதவாது. முதல்முறை ஏறுகிறவர்கள் முன்னால் கவிழ்ந்துவிடுவோம் என்று பயந்து உடம்பை விறைத்துக்கொள்கிறார்கள். அந்தப் பக்கத்தை மோட்டார் பார்த்துக்கொள்ளும். பழக வேண்டியது பக்கவாட்டுச் சமநிலையை, அதுவும் சைக்கிளில் பழகியது போலத்தான்: எந்தப் பக்கம் விழப் போகிறோமோ அந்தப் பக்கமே சக்கரத்தைத் திருப்ப வேண்டும். மெதுவாகப் போனால் கஷ்டம், கொஞ்சம் வேகம் எடுத்தால் எளிது. காலடியைப் பார்க்காமல் களத்தின் அந்தக் கடைசிச் சுவரைப் பார்த்தபடி போனால் உடம்பு தானாகவே கற்றுக்கொள்கிறது.

பக்கவாட்டையும் இயந்திரமே கவனிக்க வேண்டுமென்றால் அதற்குத் தனியாக ஒரு ஏற்பாடு தேவை. ஜப்பானின் முராட்டா நிறுவனம் 2008-இல் ஒற்றைச் சக்கரம் ஓட்டும் ஒரு சிறுமி ரோபோவைக் காட்டியது; பெயர் முராட்டா செய்கோ-சான். அதன் உடம்புக்குள் ஒரு சுழல் சக்கரத்தை வைத்து, அதைத் திருப்பித் திருப்பித்தான் இடவலமாக விழாமல் பார்த்துக்கொண்டார்கள். மனிதன் ஏறும் வண்டியில் அந்த எடையும் செலவும் வேண்டாம். இடுப்பும் முழங்காலும் அந்த வேலையைச் செய்துவிடும்.

எங்கிருந்து வந்தது இது? தானாகச் சமநிலை காக்கும் வாகனம் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது, நின்றபடி ஓட்டும் இரட்டைச் சக்கர வண்டியான செக்வே. டீன் கேமன் என்ற கண்டுபிடிப்பாளர் அதை 2001 டிசம்பரில் அமெரிக்காவில் அறிமுகப்படுத்தினார். அதற்கு முன்பே அவர் ஐபாட் (iBOT) என்ற சக்கர நாற்காலியில் இந்தச் சமநிலை வித்தையைச் செய்து பார்த்திருந்தார். அதற்கும் முன்னால், 1980களிலேயே, கசுவோ யமாஃபுஜி என்ற ஜப்பானியப் பேராசிரியர் இரண்டு சக்கரத்தில் தானாக நிற்கும் ரோபோவைச் செய்திருந்தார். ஆக யோசனை பழையது. அன்றைக்குக் கையில் இல்லாதவை மலிவான சென்சாரும், எடை குறைந்த மோட்டாரும், எடை குறைந்த பேட்டரியும்.

செக்வேயில் எனக்குப் பிடித்த விஷயம், அதைக் கட்டியவர்களின் எச்சரிக்கை. பேட்டரி இரண்டு, கன்ட்ரோலர் போர்டு இரண்டு, ஒவ்வொரு மோட்டாருக்குள்ளும் வைண்டிங் எனும் கம்பிச் சுற்று இரண்டு செட், தேவைக்கு மேலேயே கைரோக்கள். ஒன்று செத்தாலும் மற்றது ஆளைப் பத்திரமாக நிறுத்தும். பின்னால் வந்த ஒற்றைச் சக்கரங்களில் பெரும்பாலானவை இந்த இரட்டை ஏற்பாட்டை விட்டுவிட்டன. விலையும் எடையும் குறைந்தது அதனால்தான். ஆபத்து கூடியதும் அதனால்தான்.

ஒற்றைச் சக்கரத்துக்கு மாறிய கதையில் தனியாட்கள் சிலர் வருகிறார்கள். டிரெவர் பிளாக்வெல் என்ற ரோபோப் பொறியாளர் 2004 வாக்கில் சீட் வைத்த ஒரு மின் யூனிசைக்கிளைத் தானே கட்டி ஓட்டிக் காட்டினார். 2009 செப்டம்பரில் ஹோண்டா யு3-எக்ஸ் என்ற ஒன்றை வெளியிட்டது. பத்து கிலோவுக்கும் குறைவு, உட்கார்ந்து போகலாம். சக்கரத்தின் விளிம்பிலேயே சின்னச் சின்ன சக்கரங்கள் இருந்ததால் பக்கவாட்டிலும் நகரும். அழகான வேலை. ஆனால் கடைக்கு வரவேயில்லை.

கடைக்கு வந்தது ஷேன் சென் செய்தது. சீனாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். வாஷிங்டன் மாகாணத்துக் கேமஸ் ஊரில் இன்வென்டிஸ்ட் என்ற நிறுவனம் நடத்திவந்தார். அவருடைய சோலோவீல் 2011-இல் விற்பனைக்கு வந்தது. அமெரிக்கக் காப்புரிமை 2014-இல் கிடைத்தது. அவர் செய்த முக்கியமான காரியம் சீட்டைத் தூக்கி எறிந்ததுதான். சீட் இருந்தால் வண்டி பெரிதாகிறது. அவர் பெடலை அச்சுக்கும் கீழே இறக்கி, சக்கரத்தை இரண்டு கெண்டைக்கால்களுக்கு நடுவே வைத்தார். கால் பட்டுக்கொண்டே இருப்பதால் வண்டி எந்தப் பக்கம் சாய்கிறது என்று உடம்புக்கு உடனே தெரிகிறது, காலாலேயே அதைத் திருப்பவும் முடிகிறது. இன்றைக்கு விற்கும் எல்லா வண்டியும் அந்த வடிவம்தான். ஹோவர்போர்டு என்று குழந்தைகள் ஓட்டும் இரட்டைச் சக்கரப் பலகையை முதலில் செய்தவர்களில் ஒருவரும் இதே ஷேன் சென்தான்.

அந்த நேரமும் கூடிவந்தது. 2010-இல் ஐபோன் 4 கைரோவுடன் வந்தது. அதன் பிறகு போன்களுக்காகவே கைரோவும் ஆக்சலரோமீட்டரும் ஒரே சிப்பில், மிகக் குறைந்த விலையில் கோடிக்கணக்கில் தயாராகின. 1980களில் கண்டுபிடித்த நியோடிமியம் காந்தம் மோட்டாரைச் சிறிதாக்கியிருந்தது. 1991-இல் சோனி விற்கத் தொடங்கிய லித்தியம் அயான் செல், லேப்டாப்புகளின் தயவில் மலிந்திருந்தது. சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் இவை எல்லாம் பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் கிடைத்தன. கிங்சாங், இன்மோஷன், பின்னால் பெகோடி என்று பெயர் மாற்றிய காட்வே எல்லாம் அங்கிருந்து கிளம்பியவை. நைன்பாட் என்ற இன்னொரு சீன நிறுவனம் 2015-இல் செக்வேயையே விலைக்கு வாங்கிவிட்டது. 2020-இல் சஸ்பென்ஷன் வைத்த வண்டிகள் வந்தன. செக்வே தன் பழைய இரட்டைச் சக்கர வண்டியின் தயாரிப்பை நிறுத்தியதும் அதே ஆண்டில்தான்.

இனி மோட்டார். கோவை பக்கம் பிறந்தவனுக்கு இதில் ஒரு தனி ஆர்வம் வருவது இயல்புதான். நீலகிரியின் பைக்காரா நீர்மின்சாரம் 1930களில் இங்கே வந்து சேர்ந்தது, ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் 1937-இல் உள்நாட்டிலேயே மின் மோட்டாரைச் செய்தார்கள். கிணற்றுக்கு மோட்டார், மில்லுக்கு மோட்டார், கிரைண்டருக்கு மோட்டார் என்று ஊரே அதில் வளர்ந்தது. பீளமேட்டுப் பக்கம் என் மாமா ஒருவர் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். எரிந்துபோன பம்ப் மோட்டாரைப் பிரித்து, பழைய கம்பியை உருவி எடுத்து, புதிதாகக் கட்டிக் கொடுப்பது தொழில். தம்பியும் நானும் வண்டியை அவரிடம் கொண்டுபோனோம்.

மாமா வண்டியைப் படுக்கவைத்துச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தார். "ஏனுங் மாப்ள, இதுல பிரேக் எங்கீங்க?" என்றார். பிரேக்கும் இந்த மோட்டார்தான் மாமா என்றேன். "அப்பச் சுத்துறதும் இதுதான், நிறுத்தறதும் இதுதான், ஆளத் தாங்கறதும் இதுதான்... மூணுக்கும் ஒரே மோட்டாரு, பலம் எங்கிருந்துங்க வரும்?" அவர் கேட்ட அந்தக் கேள்விதான் சரியான கேள்வி.

பம்ப் மோட்டாரில் காயில் வெளியே, சுற்றுவது உள்ளே. இதில் தலைகீழ்: அச்சு அசையாமல் நிற்கும், காயில் அதோடு சேர்ந்து நிற்கும், காந்தம் ஒட்டிய வெளிவளையம்தான் டயரோடு சுற்றும். அச்சின் துளை வழியாகக் கம்பிகள் வெளியே வருகின்றன. காந்தம் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை மூன்று ஹால் சென்சார்கள் சொல்ல, மாஸ்ஃபெட் எனும் மின்னணு சுவிட்சுகள் மூன்று ஃபேஸுக்கும் மாற்றி மாற்றிக் கரன்ட் அனுப்புகின்றன.

காந்தம் வைத்த எந்த மோட்டாரும் சுற்றும்போதே டைனமோவாகவும் இருக்கிறது. வேகம் கூடக்கூட அது தானே ஒரு வோல்டேஜைப் பிறப்பித்து, பேட்டரிக்கு எதிராகத் தள்ளும். பேட்டரி வோல்டேஜிலிருந்து இந்த எதிர் வோல்டேஜைக் கழித்தால் வருவதுதான் காயிலுக்குள் கரன்டைத் தள்ள மீதமிருக்கும் அழுத்தம். வேகம் ஓர் எல்லையைத் தொட்டதும் இரண்டும் சமமாகிவிடும். அப்போது மோட்டார் சுற்றிக்கொண்டுதான் இருக்கும், ஆனால் இழுக்கப் பலம் இருக்காது. காரிலோ ஸ்கூட்டரிலோ இப்படி ஆனால் இதற்கு மேல் வேகம் எடுக்கவில்லை என்று மட்டும் தெரியும். ஒற்றைச் சக்கரத்தில் நாம் இன்னும் முன்னால் சாய்ந்திருக்கிறோம், சக்கரத்தால் நமக்கு அடியில் வந்து சேர முடியவில்லை, பெடல் முன்பக்கம் இறங்குகிறது, ஆள் முகம் குப்புறப் போய் விழுகிறார். வண்டியில் எதுவும் பழுதாகவில்லை. மிச்சம் தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

இதில் பேட்டரியின் பங்கு பலருக்குப் புரிவதில்லை. 20 செல்லைத் தொடராகக் கட்டிய வண்டியில் முழு சார்ஜில் 84 வோல்ட் இருக்கும். ஒவ்வொரு செல்லும் 3.3 வோல்ட்டுக்கு இறங்கியதும் அது 66 ஆகிவிடும். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துச் சுற்றவிட்டால் காலையில் 60 கிலோமீட்டர் வேகம் காட்டிய வண்டி, இப்போது 47-ஐத்தான் காட்டும். காலையில் பத்திரமாக இருந்த அதே வேகம் சாயங்காலம் ஆபத்தானதாகிறது. போதாததற்கு, காற்றை எதிர்க்கும் செலவு வேகத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறும். நிமிர்ந்து நிற்கும் ஒருவருக்கு 25 கிலோமீட்டரில் சுமார் 120 வாட் தேவைப்பட்டால், 50-இல் எட்டு மடங்கு, கிட்டத்தட்ட 1000 வாட். செலவு ஏறுகிற அதே நேரத்தில் கையிருப்பு இறங்குகிறது. அந்த நேரம் பார்த்து ஒரு வேகத்தடையோ குழியோ வந்தால், ஒரு கணத்தில் பல மடங்கு பலம் தேவைப்படும். நம் ஊர் ரோடுகளில் வேகத்தடைக்குச் சாயம் அடித்திருப்பதே அபூர்வம்.

தயாரிப்பாளர்கள் இதற்காக எச்சரிக்கைகள் வைத்திருக்கிறார்கள். முதலில் பீப் ஒலி. அடுத்து பெடலின் முன்பக்கம் மேலே எழும்பி நம்மைப் பின்னால் தள்ளும். இந்த இரண்டாவது எச்சரிக்கையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். முன்னால் சாய்ந்திருக்கும் ஆளைப் பின்னால் தள்ள வேண்டுமானால் சக்கரம் ஒரு கணம் இன்னும் வேகமாகப் போயாக வேண்டும். அந்த எச்சரிக்கைக்கே மிச்ச பலம் செலவாகிறது. அதனால் அதை அணைத்துவிட்டு ஓட்டுவதும், அது வந்த பிறகும் சாய்ந்தபடி தள்ளிக்கொண்டு போவதும் எனக்குக் கொஞ்சமும் ஒப்பாது. ஹெல்மெட், மணிக்கட்டுக் காப்பு, முழங்கால் காப்பு மூன்றும் இல்லாமல் தம்பியைக் களத்துக்குள் ஏறவே விடுவதில்லை.

இறக்கத்தில் கதை வேறு மாதிரி. பின்னால் சாய்ந்ததும் மோட்டார் டைனமோவாகி, கரன்டைப் பேட்டரிக்கே திருப்பி அனுப்பி வேகத்தைக் குறைக்கும். பேட்டரி முழுதாக நிறைந்திருந்தால் அந்தக் கரன்ட் போய்ச்சேர இடமில்லை; வோல்டேஜ் எல்லை தாண்டி எகிறும், கன்ட்ரோலர் கத்தத் தொடங்கும். மருதமலை மாதிரி ஓர் இடத்தில் மேலே வைத்து முழு சார்ஜ் ஏற்றிக்கொண்டு கீழே இறங்கக் கூடாது என்பது இதனால்தான். மலைமேல் சார்ஜ் போட்டால் எண்பது சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் மத்திய மோட்டார் வாகன விதிகளில், 250 வாட்டுக்குக் கீழ் மோட்டாரும் 25 கிலோமீட்டருக்கும் குறைந்த வேகமும் உள்ள மின் வண்டி மோட்டார் வாகனமாகக் கருதப்படாது. இன்று விற்கும் ஒற்றைச் சக்கரங்களில் பெரும்பாலானவை அந்த இரண்டையும் எளிதாகத் தாண்டுகின்றன. ஆகவே கோவை அவிநாசி ரோட்டில் இதை ஓட்டலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், வேண்டாம். களம், தோட்டத்துப் பாதை, அனுமதி தரும் வளாகம், இவை போதும்.

இங்கேயே செய்ய முடியாதா என்று மாமாவைக் கேட்டேன். அலுமினியம் வார்க்கப் பவுண்டரி இருக்கிறது, ஸ்டாம்பிங் அடிக்க ஆள் இருக்கிறது, காயில் கட்ட அவரே இருக்கிறார். இல்லாதது காந்தம். அது பெரும்பாலும் சீனாவிலிருந்துதான் வர வேண்டும். டிஸ்ப்ரோசியம் போன்ற அருமண் தனிமங்களுக்கும் அவை சேர்ந்த காந்தங்களுக்கும் 2025 ஏப்ரலில் சீனா ஏற்றுமதிக் கட்டுப்பாடு கொண்டுவந்தபோது, இந்திய வண்டித் தொழிற்சாலைகள் பல திணறின. கன்ட்ரோலருக்குள் ஓடும் மென்பொருளையும் வருஷக்கணக்கில் ஓட்டி ஓட்டித்தான் சரிசெய்ய முடியும்.

மாமாவுக்கு அதையெல்லாம்விடக் காயில்தான் முக்கியம். "இதுல சுத்து எத்தன போட்டிருக்காங்கன்னு பாக்கோணுமுங்க. சுத்து கூட்டுனா வேகம் கொறையும், இழுவை கூடும்" என்றார். இதைத்தான் தயாரிப்பாளர்களும் செய்கிறார்கள். பெகோடி ஆர்எஸ் வண்டியை சி30, சி38 என்று இரண்டு மோட்டார்களோடு விற்றது. முதலாவது வேகத்துக்கு, இரண்டாவது இழுவைக்கு. சுற்று கூடும்போது எதிர் வோல்டேஜ் சீக்கிரமே ஏறுவதால் உச்ச வேகம் குறைகிறது. ஆனால் கன்ட்ரோலர் தரக்கூடிய அதே ஆம்பியரில் கூடுதல் முறுக்கு விசை கிடைக்கிறது. நிதானமான வேகத்தில் வேகத்தடையும் மேடும் பார்த்துப் போகிற நமக்கு இரண்டாவதுதான் தோது. கடையில் உச்ச வேகம் கூடுதலாக எழுதியிருப்பதால் பலர் முதலாவதை வாங்குகிறார்கள்.

மாமாவுக்கு இப்போது எரிந்துபோன ஹப் மோட்டார் ஒன்று வேண்டும், ஸ்கூட்டரிலிருந்து கழற்றியதாக இருந்தாலும் பரவாயில்லை. சுற்றைக் கூட்டிக் கட்டி, எத்தனை ஆம்பியரில் எவ்வளவு எடை தூக்குகிறது என்று பட்டறைத் தராசில் வைத்துப் பார்க்க ஆசைப்படுகிறார். கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் யாரிடமாவது கிடந்தால் பழைய இரும்புக்குப் போடாமல் சொல்லுங்கள்.